கடைசி இடம் வாங்கிய பாட்டும் ஒரு புரட்சியும்

 

இன்னைக்கு எபிசோடு ஒரு பாட்டைப் பத்தி. ஹிட்டான பாட்டுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு சர்வதேசப் பாட்டுப் போட்டிக்குப் போய், கடைசி இடத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பாட்டு. போட்டி முடிந்து பதினெட்டே நாள். அதே பாட்டு ஒரு ராத்திரி லிஸ்பன் நகரத்து ரேடியோவில் ஒலித்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் அந்த நாட்டில் 48 வருஷமாக இருந்த சர்வாதிகார ஆட்சி முடிந்துபோனது.

நாடு போர்ச்சுகல். வருஷம் 1974. போட்டி, யூரோவிஷன்.

இதைக் கேட்டதும் 'ஓ, புரட்சிப் பாட்டு போல'ன்னு தோணும். அதுதான் இல்லை. அந்தப் பாட்டில் புரட்சி பத்தி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எப்படின்னு பார்ப்போம்.

யூரோவிஷன்னா என்ன?

யூரோவிஷன் 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 11 வருஷம்தான் ஆகியிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் குண்டு போட்டு அழித்துக்கொண்ட நாடுகள் ஒரே ராத்திரியில், ஒரே மேடையில், நேரடி ஒளிபரப்பில் பாடுவது அன்றைக்குப் பெரிய விஷயம். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் இதை நடத்துகிறது. அதில் உறுப்பினராக இருக்கும் டிவி நிலையங்கள்தான் பாட்டை அனுப்பும். அதாவது ஸ்கோர் போர்டில் நாட்டின் பெயர் இருக்கும். ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அந்த நாட்டு டிவி.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. ஜனநாயக நாட்டில் இது சின்ன விவரம். டிவியே அரசாங்கத்தின் பிடியில் இருக்கிற நாட்டில் இது சின்ன விவரம் இல்லை.

பிரைட்டன், 1974 ஏப்ரல் 6

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் இருக்கிற ஊர் பிரைட்டன். அங்கேதான் அந்த வருஷப் போட்டி. 17 நாடுகள். ஓட்டு முறை ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு நாட்டிலும் பத்து பேர் நடுவர்கள். ஒருத்தருக்கு ஒரு ஓட்டு. சொந்த நாட்டுப் பாட்டுக்குப் போட முடியாது.

அந்த ராத்திரி ஜெயித்தது யார் தெரியுமா? ஸ்வீடனிலிருந்து வந்த நாலு பேர். 'ஆபா' குழு. பாட்டு 'வாட்டர்லூ'. பாப் இசை வரலாற்றில் பெரிய பெரிய பயணங்களில் ஒன்று அங்கேதான் தொடங்கியது. இதில் ஒரு வேடிக்கை, போட்டியை நடத்திய பிரிட்டனின் நடுவர்கள் அந்தப் பாட்டுக்கு ஒரு ஓட்டுகூடப் போடவில்லை. 24 புள்ளி எடுத்து ஆபா முதலிடம்.

பட்டியலின் அடியில் நாலு நாடுகள். மேற்கு ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து, போர்ச்சுகல். ஆளுக்கு 3 புள்ளி. கணக்குப் போட்டுப் பாருங்க. போர்ச்சுகல் பாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடிய நடுவர்கள் மொத்தம் 160 பேர். அதில் மூணு ஓட்டுதான் விழுந்தது.

பாடியவர் பாவுலோ டி கார்வாலியோ. அப்போது வயசு 26. அதற்கு முன்னால் 'ஷேக்ஸ்' என்கிற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். பாட்டு எழுதியவர் ஜோசே நீசா, இசை ஜோசே கால்வாரியோ. பாட்டின் பெயர் 'இ டிபோய்ஷ் டு அடேயுஷ்'. தமிழில் சொல்லணும்னா 'விடைபெற்ற பிறகு'. காதல் முடிந்துபோன பிறகு தனியாக நிற்கிற ஒருத்தன் தன்னிடமே பேசிக்கொள்கிற பாட்டு. நம்ம ஊர்ல சூப் சாங்னு சொல்லுவோமே, கிட்டத்தட்ட அந்த வகை. ஆர்கெஸ்ட்ரா மெதுவாக ஏறும், குரல் கூடவே ஏறும். நல்ல பாட்டு. ஆனால் அந்த ராத்திரி ஆபாவின் பளபளா உடைக்கும் துள்ளலுக்கும் முன்னால் அது யார் காதிலும் தங்கவில்லை.

அதே ராத்திரி இன்னொரு விஷயமும் நடந்தது. இரண்டாம் இடம் பிடித்தது இத்தாலி. ஜில்யோலா சின்குவெட்டி பாடிய 'ஸி' என்கிற பாட்டு. 'ஸி' என்றால் இத்தாலிய மொழியில் 'ஆமாம்'. இதுவும் காதல் பாட்டுதான். ஆனால் இத்தாலியின் அரசு டிவி அந்த நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்பவே இல்லை. ஏன்? அடுத்த மாதம் அங்கே விவாகரத்துச் சட்டத்தை ரத்து செய்யலாமா என்று பொது வாக்கெடுப்பு. 'ஆமாம்' 'ஆமாம்' என்று ஒரு பாட்டு திரும்பத் திரும்பச் சொன்னால், ஜனங்கள் 'ஆமாம்' என்றே ஓட்டுப் போட்டுவிடுவார்களோ என்கிற பயம். கடைசியில் வாக்கெடுப்பில் 'இல்லை'தான் ஜெயித்தது, சுமார் 59 சதவீதம்.

ஒரே மேடை, ஒரே ராத்திரி, ரெண்டு காதல் பாட்டு. ஒன்றின் ஒரே ஒரு வார்த்தையைப் பார்த்து ஒரு டிவி நிலையம் பயந்தது. இன்னொன்றைப் பார்த்து யாருமே பயப்படவில்லை. கொஞ்ச நாளில் ஒரு ஆட்சிக்கே முடிவு கட்டும் வேலையில் சேரப்போவது அந்த ரெண்டாவது பாட்டு.

அந்த நாடு எப்படி இருந்தது?

இப்போது போர்ச்சுகலுக்குப் போவோம். 1926-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1932-ல் பொருளாதாரப் பேராசிரியர் சலசார் பிரதமரானார். அடுத்த 36 வருஷம் நாடு அவர் கையில். 1968-ல் உடல்நலம் கெட்டு அவர் விலகியதும் மார்செலோ கேட்டானோ வந்தார். ஆள் மாறினார், ஆட்சி மாறவில்லை. ரகசியப் போலீஸ் இருந்தது. பத்திரிகை, நாடகம், சினிமா, பாட்டு எல்லாவற்றுக்கும் சென்சார் இருந்தது. சென்சார் அதிகாரிகள் நீலப் பென்சிலால் அடிப்பார்கள். அதனால் 'நீலப் பென்சில்' என்றாலே அங்கே தணிக்கை என்று அர்த்தம்.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கு. கோவா அப்போது போர்ச்சுகலின் காலனி. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் உள்ளே போய் அதை மீட்டது. சலசார் அதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. அதே 1961-ல் ஆப்பிரிக்காவில் அங்கோலாவில் விடுதலைப் போர் வெடித்தது. 1963-ல் கினி-பிசாவ், 1964-ல் மொசாம்பிக். மற்ற ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலும் காலனிகளை விட்டுவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. போர்ச்சுகல் மட்டும் 'விடமாட்டேன்' என்று மூன்று இடத்தில் சண்டை போட்டது. 13 வருஷம். நாட்டு இளைஞர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்து, கப்பல் ஏற்றி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை. ஆப்பிரிக்கர்கள் தரப்பில் செத்தவர்கள் அதைவிட மிக அதிகம். போருக்குப் போகப் பிடிக்காத இளைஞர்கள் எல்லை தாண்டி பிரான்ஸுக்கு ஓடினார்கள்.

இந்த நாடுதான் யூரோவிஷனுக்குப் பாட்டு அனுப்பியது. முதல் தடவை 1964-ல், கோபன்ஹேகனில். கிடைத்தது பூஜ்யம். அந்த வருஷ நிகழ்ச்சியின் நடுவில் ஒருத்தர் மேடையில் ஏறி ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சலசாரையும் ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோவையும் புறக்கணிக்கச் சொல்லும் அட்டை. உடனே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உள்ளூர்க் கவிஞர்களும் சும்மா இருக்கவில்லை. 1973-ல் போர்ச்சுகல் அனுப்பிய பாட்டு 'டோராடா'. அதற்குக் 'காளைச் சண்டை' என்று அர்த்தம். ஆரி டுஸ் சாண்டுஸ் எழுதி, ஃபெர்னாண்டோ டோர்டோ பாடினார். மேலோட்டமாகக் கேட்டால் காளைச் சண்டை வர்ணனை. கொஞ்சம் கவனித்துக் கேட்டால் நாட்டை ஆள்கிறவர்களைக் கிண்டல் செய்வது புரியும். அது எப்படியோ நீலப் பென்சிலில் இருந்து தப்பி ஐரோப்பா முழுக்க ஒளிபரப்பானது. வார்த்தைக்குள் அர்த்தத்தை ஒளித்து வைப்பது ஒரு வழி என்று அது காட்டியது.

ஆனால் அடுத்த வருஷம் வந்த 'விடைபெற்ற பிறகு' பாட்டில் அப்படி எதையும் ஒளித்து வைக்கவில்லை. அது உண்மையாகவே காதல் தோல்விப் பாட்டுதான்.

கேப்டன்களின் பிரச்சினை

ஆப்பிரிக்கப் போர்க்களத்தில் வருஷக்கணக்காக இருந்த இளம் ராணுவ அதிகாரிகளுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. இந்தப் போரை ஜெயிக்க முடியாது. அரசியல்வாதிகள் ஒத்துக்கொள்ளாதவரை நிறுத்தவும் முடியாது. அவர்கள் சேர்ந்து ஆயுதப்படை இயக்கம் என்று ஒரு ரகசிய அமைப்பை உருவாக்கினார்கள். பெரும்பாலும் கேப்டன், மேஜர் அளவில் இருந்தவர்கள். திட்டத்தைப் போட்டவர் ஒடெலோ சராய்வா டி கார்வாலியோ, 37 வயசு மேஜர். (நம்ம பாடகருக்கும் இவருக்கும் கடைசிப் பெயர் ஒண்ணுதான், உறவெல்லாம் இல்லை. அங்கே அது நம்ம ஊர் குமார் மாதிரி.)

மார்ச் 16-ம் தேதி ஒரு படைப்பிரிவு அவசரப்பட்டுத் தனியாகக் கிளம்பியது. மற்றவர்கள் யாரும் சேரவில்லை. லிஸ்பன் வரும் வழியிலேயே முயற்சி தோற்றது, பலர் கைதானார்கள். அதிலிருந்து கற்ற பாடம் ஒன்று: எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பணும்.

ஆனால் எப்படி? வாட்ஸ்அப் குரூப் கிடையாது. போனில் பேசினால் ரகசியப் போலீஸ் ஒட்டுக் கேட்கலாம். ஆள் அனுப்பினால் வழியில் மாட்டலாம். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிற முகாம்களில் இருப்பவர்களுக்கு, 'இன்னைக்குத்தான், திட்டம் மாறலை, கிளம்பலாம்' என்கிற செய்தி ஒரே நொடியில் போய்ச் சேரணும். எதிரி கேட்டாலும் அவனுக்குப் புரியக்கூடாது.

எல்லா முகாமிலும் இருக்கிற ஒரே பொருள் ரேடியோ. யாரும் சந்தேகப்படாத பொருளும் அதுதான்.

லிஸ்பனில் ஒரு வானொலி நிலையத்தில் ஜுவாவ் பாவுலோ தினிஸ் அறிவிப்பாளராக இருந்தார். ராணுவ சேவையில் கினியில் இருந்தபோதே ஒடெலோவுக்குப் பழக்கம். முதலில் பேசப்பட்ட பெயர் ஜெகா அஃபோன்சோ. அந்த ஆட்சியை எதிர்த்துப் பாடிய பாடகர்களில் மிகப் பிரபலமானவர். ஆசிரியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், சிறைக்கும் போனவர். அவருடைய பாட்டைச் சிக்னலாக வைத்தால் உணர்வுபூர்வமாகச் சரியாக இருக்கும். ஆனால் தினிஸுக்கு ரேடியோ தெரியும். ஜெகா அஃபோன்சோ பாட்டைத் திடீரென்று போட்டால் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காருவான். போலீஸும் நிமிர்ந்து உட்காரும். வேண்டியது யாரும் நிமிராத பாட்டு.

அப்படி ஒன்று கையிலேயே இருந்தது. அந்த வருஷம் நாட்டின் சார்பாகப் போன பாட்டு. எந்த நிலையத்திலும், எந்த நேரத்திலும் ஒலிக்கக்கூடிய பாட்டு. அரசு டிவியே தேர்ந்தெடுத்து அனுப்பிய பாட்டு. அதைவிடப் பாதுகாப்பான முத்திரை வேறு என்ன வேணும்?

22:55

1974 ஏப்ரல் 24, புதன்கிழமை. ராத்திரி பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது, தினிஸ் மைக்கில் நேரத்தைச் சொன்னார். யூரோவிஷன் பாட்டு என்று சொல்லி, பாவுலோ டி கார்வாலியோவின் பெயரைச் சொன்னார். பாட்டு ஓட ஆரம்பித்தது.

லிஸ்பனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ஒன்றுமே இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் கழுவிக்கொண்டே இருந்திருப்பார். காதலில் தோற்றவன் ஒருத்தன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்திருப்பான். அதே பாட்டைக் கேட்டு, சில முகாம்களில் சிலர் துப்பாக்கியை எடுத்தார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தப் பாட்டின் அர்த்தம் 'தயாராகு'.

அந்த நிலையத்தின் அலைவரிசை லிஸ்பன் பகுதியைத் தாண்டிப் போகாது. அதனால் ரெண்டாவது சிக்னல் ஒன்று தேவைப்பட்டது. நள்ளிரவு தாண்டி 12:20-க்கு, நாடு முழுக்கக் கேட்கக்கூடிய ரேடியோ ரெனாசென்சாவில் இன்னொரு பாட்டு ஒலித்தது. ஜெகா அஃபோன்சோவின் 'கிராண்டோலா, விலா மொரேனா'. தெற்கே இருக்கிற கிராண்டோலா என்ற ஊரில் தொழிலாளர்கள் நடத்திய ஒரு இசைச் சங்கத்தை நினைத்து எழுதிய பாட்டு. ஒற்றுமையையும் சமத்துவத்தையும் பேசுகிற பாட்டு. அந்த நிலையத்தில் அவருடைய சில பாட்டுகளுக்குத் தடை இருந்தது, இதற்கு இல்லை. இதன் அர்த்தம் 'கிளம்பு, இனி திரும்ப முடியாது'.

பாருங்க, ரெண்டு பாட்டுக்கும் ரெண்டு வேலை. 'தயாராகு' என்று சொல்ல, அர்த்தமே இல்லாத மாதிரி இருக்கிற பாட்டு. 'கிளம்பு' என்று சொல்ல, அர்த்தம் நிறைந்த பாட்டு. கிளம்பியாச்சுன்னா அப்புறம் எதுக்கு ஒளிக்கணும்?

அந்த ஒரு நாள்

லிஸ்பனுக்கு வடகிழக்கே இருக்கிற சாண்டரேங் குதிரைப்படைப் பள்ளியிலிருந்து ஒரு படை கிளம்பியது. தலைமை தாங்கிய கேப்டன் சல்கெய்ரோ மாயாவுக்கு வயசு 29. விடிகாலையில் லிஸ்பனுக்குள் வந்தபோது அந்தக் கவச வண்டிகள் சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்றதாக ஒரு கதை சொல்லுவாங்க.

அரசுக்கு விசுவாசமான டாங்கிகள் எதிரே வந்து நின்றன. சுடச்சொல்லி உத்தரவு வந்தது. டாங்கிக்குள் இருந்த சிப்பாய் சுட மறுத்தார். அந்த மறுப்பு மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் இன்னைக்கு நான் வேற மாதிரி கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

'யாரும் வீட்டை விட்டு வெளியே வராதீங்க' என்று கேப்டன்கள் ரேடியோவில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்கள். ஜனங்கள் கேட்கவே இல்லை. தெருவெல்லாம் கூட்டம். ஒரு உணவகத்தில் வேலை பார்த்த செலெஸ்தே கயேரோ என்கிற பெண், கையில் பூக்களோடு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உணவகத்தின் ஆண்டு விழாவுக்கு வாங்கிய கார்னேஷன் பூக்கள். அன்னைக்குக் கடை திறக்கவில்லை. வழியில் ஒரு சிப்பாய் சிகரெட் இருக்கா என்று கேட்டார். இவரிடம் சிகரெட் இல்லை, பூதான் இருந்தது. கொடுத்தார். சிப்பாய் அதைத் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டார். உலகம் அதை 'கார்னேஷன் புரட்சி' என்று சொல்வது இப்படித்தான்.

பிரதமர் கேட்டானோ கார்மோ சதுக்கத்தில் இருந்த ஒரு முகாமுக்குள் ஒளிந்துகொண்டார். சல்கெய்ரோ மாயா அதைச் சுற்றி வளைத்தார். சாயங்காலம் கேட்டானோ சரணடைந்தார். ரத்தமே சிந்தாத புரட்சி என்று பலர் சொல்வார்கள், அது முழு உண்மை இல்லை. ரகசியப் போலீஸ் தன் தலைமையகத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்துச் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அவர்களையும் சேர்த்துத்தான் அந்த நாளை நினைக்கணும்.

சரி, பாட்டுதான் புரட்சி பண்ணுச்சா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிடறேன். 13 வருஷப் போர், களைத்துப்போன ராணுவம், சிறையில் இருந்த எதிர்க்கட்சிக்காரர்கள், மாணவர்கள், தொழிலாளர்கள், ஆப்பிரிக்காவின் விடுதலை இயக்கங்கள், இவையெல்லாம் சேர்ந்து சாய்த்த ஆட்சி அது. பாட்டு ஒரு அலாரம் மாதிரி. அலாரம் அடிச்சா போதாது, எழுந்திருக்க ஆள் வேணும்.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் பிடிச்ச விஷயம் வேற. சென்சார் எதைத் தேடும்? வார்த்தையை. இந்த வரி ஆபத்து, அந்தச் சொல்லை வெட்டு. இத்தாலியில் 'ஆமாம்' என்கிற சொல்லையே பயந்து பார்த்தார்கள். போர்ச்சுகலில் நீலப் பென்சிலோடு பல வருஷம் வரி வரியாகப் படித்தார்கள். ஆனால் 'விடைபெற்ற பிறகு' பாட்டை ஆயிரம் தடவை படித்தாலும் அவர்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஏன்னா அர்த்தம் பாட்டுக்குள் இல்லை. எந்த ராத்திரி, எந்த நேரம், யார் காதில் விழுகிறது என்பதில்தான் இருந்தது. அதை எந்தப் பென்சிலாலும் அடிக்க முடியாது.

பாடியவருக்கே தெரியாது! தன் குரல் படைகளைக் கிளப்பப் போகிறது என்று பாவுலோ டி கார்வாலியோவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பாடியது பிரிவைப் பத்தி. நாடு அதை வேற பிரிவாக எடுத்துக்கொண்டது. இன்னைக்கு அந்தப் பாட்டின் தலைப்பைக் கேட்டால் காதலியை நினைக்கிறவர்களைவிட, ஒரு பழைய ஆட்சிக்கு விடைகொடுத்ததை நினைக்கிறவர்கள்தான் அங்கே அதிகம் இருப்பார்கள்.

யூரோவிஷன் இன்னைக்கும் 'இது அரசியல் இல்லாத மேடை' என்றுதான் சொல்லும். 2009-ல் மாஸ்கோவில் போட்டி நடந்தபோது, ஜார்ஜியா அனுப்பிய பாட்டின் வரி ரஷ்யத் தலைவர் புதினின் பெயரை வைத்து விளையாடுகிறது, மாற்றுங்கள் என்றார்கள். ஜார்ஜியா மாற்ற மறுத்துப் போட்டியிலிருந்தே விலகியது. விதிப் புத்தகமும் வார்த்தையைத்தான் பார்க்கும். நேரத்தையும் கேட்கிற காதையும் பார்க்க விதியால் முடியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

1974 டிசம்பரில் போர்ச்சுகல், கோவா இந்தியாவுடையது என்று ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷம் முடிவதற்குள் ஆப்பிரிக்கக் காலனிகள் எல்லாம் சுதந்திரம் அடைந்தன. 1975 ஏப்ரல் 25-ம் தேதி, சரியாக ஒரு வருஷம் கழித்து, சுதந்திரமான தேர்தல். ஓட்டுரிமை உள்ளவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

யூரோவிஷனில்? 1975-ல் போர்ச்சுகல் ஒரு நிஜ ராணுவ கேப்டனையே பாட அனுப்பியது. புரட்சியில் பங்கெடுத்த டுவார்டே மெண்டெஸ். பாட்டின் பெயர் 'விடியற்காலை'. இந்தத் தடவை எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, புரட்சியைப் பற்றியே வெளிப்படையாகப் பாடினார். கிடைத்தது 16-வது இடம்.

போர்ச்சுகல் கடைசியாக ஜெயிக்க 2017 ஆச்சு. முதல் பாட்டுக்கும் முதல் வெற்றிக்கும் நடுவில் 53 வருஷம். சால்வடோர் சோப்ரால், தன் அக்கா லுயீசா எழுதிய மென்மையான ஒரு காதல் பாட்டைப் பாடி 758 புள்ளி எடுத்தார். கீவ் மேடையில் வாணவேடிக்கை எதுவும் இல்லை. ஒரு மைக், ஒரு ஆள், போர்ச்சுகீசிய மொழி. அதுவும் பார்க்கப்போனால் 1974 பாட்டின் வழிதான். அந்தத் தடவை உலகம் கேட்டது.

ஒரு சின்ன ஹோம்வொர்க் தர்றேன். இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டுக்கொண்டு முதலில் 'விடைபெற்ற பிறகு' பாட்டைக் கேளுங்க, அடுத்து உடனே 'கிராண்டோலா' பாட்டைக் கேளுங்க. ரெண்டாவது பாட்டு தொடங்கும்போது மண்மேல் கால்கள் நடக்கிற சத்தம் வரும், கவனிச்சுப் பாருங்க. முதல் பாட்டில் அப்படி எதுவும் வராது. அது தன் பாட்டுக்குக் காதலைப் பத்தி மட்டும்தான் பாடிக்கொண்டிருக்கும்.

கேட்டுட்டு எப்படி இருந்ததுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.